முப்பிடாதியின் தோளில் ஆடாதொடை

நாற்பது கத்தரிகள் ஒரே நேரத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்பது முப்பிடாதிக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. அவள் பிறந்த ஊரில், பீடிக்கடைக்குப் பின்னால் இருந்த ஓலைக்கொட்டகையில், பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து இலை வெட்டுவார்கள். தகரத் தகட்டை இலைமேல் வைத்து அதன் ஓரத்தோடு கத்தரியை ஓட்டும்போது, காய்ந்த சோளக்கொல்லைக்குள் காற்று புகுந்து வெளியே வருவதுபோல நாள் முழுக்க ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் சிட்டு என்கிற பெண் இருமினாள். புகையிலைத் தூள் ஏறி எல்லாரும் இருமுகிறவர்கள்தான், ஆனால் இது வறண்ட கிணற்றிலிருந்து வாளி சுவரில் இடித்து இடித்து மேலே வருவதுபோல வந்தது. கத்தரிகள் நின்றன. நாலு மூச்சு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு எல்லாக் கத்தரிகளும் மறுபடி ஓடத் தொடங்கின, ஆனால் அதற்குள் சிட்டுவின் இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குத் தரை காலியாகியிருந்தது. யார் நகர்ந்தார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை.

இருபத்தேழு வருஷம் கழித்து, வாக்கப்பட்டு வந்த பொட்டல்பேரியில், முப்பிடாதி அதே இருமலை இருமினாள், இங்கேயும் கத்தரிகள் நின்றன, இங்கேயும் தரை காலியானது.

அவள் புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் ஐந்து வருஷமாகத் திரும்பவில்லை. அவனுடைய அக்கா பிரம்மசக்தி, கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள், இவளோடு ஒரே கூரையின்கீழ் இருந்தாள். மதினி என்று முப்பிடாதி கூப்பிடுவாள், ஏட்டி என்று அவள் பதில் கொடுப்பாள், இரண்டு சொல்லிலும் அன்பு என்று ஒன்று ஒட்டியிருந்ததில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்து, நெஞ்சைப் படமெடுத்து, இடது பக்கம் மேலே வெள்ளையாகத் திட்டு இருக்கிறது, டிபிதான், ஆறு மாதம் ஒருநாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரமே கோவில்பட்டியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து, எட்டு வயது மகள் செல்லக்கனியைக் கூட்டிக்கொண்டு போனான். வாசல்படி ஏறவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, தெருவில் நின்றபடியே சொன்னான்.

"சளியில ஒண்ணுமில்லன்னு ஆஸ்பத்திரில எழுதிக் குடுப்பாங்கல்லா, அந்தக் கடுதாசியோட வா. பிள்ளையக் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் வராத."

பஸ் ஜன்னலில் செல்லக்கனி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி, அண்ணன் பெண்டாட்டி, அவள் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினாள்.

பீடிக்கடை ஆவுடையப்பன், ஊரார் வாயில் வைக்கிற சாமானை இவள் கையால் வாங்க முடியாது என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். பீடி குடித்து வருகிற இருமலில் பாவமில்லை, முப்பிடாதியின் கையிலிருந்து வருவதுதான் கெடுதல் என்று கடைத்திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். குழாயடியில் அவள் குடத்துக்குத் தனி நேரம் வைத்தார்கள். அவள் காசு கொடுத்தால் மளிகைக்காரன் அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடச் சொன்னான். இதையெல்லாம் யாரும் கோபத்தோடு செய்யவில்லை, மழைக்கு முன்னால் கொடியில் கிடக்கிற துணியை எடுப்பதுபோலச் செய்தார்கள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் மாத்திரை சாப்பிடத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தபோது, இடது காறையெலும்பின்மேல் கொசு கடித்ததுபோல அரித்தது. சொறிந்தாள். கையில் ஏதோ தட்டுப்பட்டது. பின் குத்திய ரவிக்கையை விலக்கிப் பார்த்தால் இரண்டு இலையோடு ஒரு தளிர் நின்றது. பிரம்மசக்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஆடாதொடை, என்று மட்டும் சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அது ஒரு சாண் வளர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காதைத் தாண்டியது. ஓடைக்கரையில், சுடுகாட்டு வேலியில், பள்ளிக்கூடத்துக் கழிவுநீர்க் குழிக்குப் பக்கத்தில் யாரும் சீண்டாமல் நிற்கிற அதே செடிதான். அதே நீண்ட இலை, அதே கசப்பு வாடை. அதை அடியில் இழுத்துப் பார்த்தால் நெஞ்சுக்குள் எங்கோ வேர் அசைவது அவளுக்குத் தெரிந்தது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் செடியோடு பஸ்ஸில் ஏற வெட்கமாக இருந்தது. தலைமுந்தானையால் மூடினாள். முந்தானைக்கு வெளியே இலை எட்டிப் பார்த்தது.

தெருக்காரர்கள் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் நாள், வியாதிக்காரி உடம்பில் என்ன முளைத்தால் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். ஆடு தின்னாத செடியை உடம்பில் வளர்க்கிறாள், ஆட்டுக்குப் பயந்து நடக்க வேண்டாம், கொடுத்துவைத்தவள் என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள்.

முதலில் இலை பறித்தது ஆவுடையப்பன். ஒரு வருஷமாக அவர் கடைக்குப் பின்னால் போய்த் துண்டில் ரத்தம் துப்பி அந்தத் துண்டை அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. மத்தியானம், தெரு வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில், மூக்கை வேட்டி நுனியால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார், கேட்கவில்லை, கையை நீட்டி இரண்டு இலையைக் கிள்ளினார், போய்விட்டார். முப்பிடாதிக்குக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியது போலிருந்தது. ஒன்பதாம் நாள் ஆவுடையப்பன் கடைவாசலில் நின்று சத்தமாக மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார். எனக்கு வெறும் சளிதான் இருந்தது, அதற்கே இப்படிக் கேட்கிறது என்றால், என்று சொல்லி, மீதியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் நெஞ்சுக்கு விட்டுவிட்டார்.

பொட்டல்பேரியில் எத்தனை பேருக்கு வெறும் சளி இருந்தது என்பது அந்த வாரம்தான் தெரிந்தது. வாசலில் வரிசை நின்றது. ஒரே வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் மருமகளும், மருமகளுக்குத் தெரியாமல் மாமியாரும் வந்து வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பை வாசலுக்கு வெளியே வைத்து, கையை மட்டும் உள்ளே நீட்டிப் பறித்தார்கள். அவள் மேல் விரல் படக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள். ஒருவரும் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பறித்த இலை, பறித்தவர்களுக்கெல்லாம் ஒன்பது நாளில் கேட்டது. முப்பிடாதியும் தின்று பார்த்தாள், கசந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை, அவளுடைய இருமல் அவளிடமே இருந்தது.

ஆளாளுக்குப் பறித்தால் செடி தாங்காது என்று ஆவுடையப்பன் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். இலை என்றால் அந்த ஊருக்குத் தெரிந்தது ஒரே வழி. காலையில் பிரம்மசக்தி பறிக்க வேண்டும், ஈரச்சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே பெண்கள் தகட்டை வைத்து எல்லா இலையையும் ஒரே அளவில் வெட்டி, காம்பையும் ஓரத்தையும் கழித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கிப் பீடி நூலால் கட்டிக் கொடுக்க வேண்டும். ஏன் வெட்ட வேண்டும், ஏன் இருபத்தைந்து என்று யாரும் கேட்கவில்லை, வெட்டாத இலையை மருந்து என்று நம்ப அவர்கள் கைக்குத் தெரியவில்லை. கழித்துப்போட்ட ஓரங்கள் கடைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்தன. வெளியூர்க்காரர்களுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். தைலான் என்கிற கொத்தனாருக்கு மட்டும் இலை கேட்காமல் போனபோது, ஆவுடையப்பன் யோசித்து, முப்பிடாதியின் மேல் கெட்ட எண்ணம் வைத்திருக்கிறவனுக்கு இலை வேலை செய்யாது என்றார். தைலான் வரிசையில் எல்லாருக்கும் முன்னால் வெட்கிப்போய் நின்றான். அன்றிலிருந்து இலை கேட்கவில்லை என்று ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

புரட்டாசி முதல் வாரத்தில் இலைகளின் ஓரம் மஞ்சளானது. அவளைக் கூடவே இருந்து பார்க்கிறவள் பிரம்மசக்தி ஒருத்திதான். காலையில் மாத்திரை விழுங்கிய இரண்டு நாழிகைக்குள் நுனியிலை வாடுவதையும், உடம்பு சரியில்லாமல் வாந்தியெடுத்து மாத்திரை வெளியே வந்த அன்று செடி மதமதவென்று நின்றதையும் அவள் பார்த்தாள், இரண்டையும் சேர்த்து வைத்தாள், கடையில் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்தபோது அவளுக்குக் குழாயடியில் வழி விட்டார்கள். பிறந்ததிலிருந்து யாரும் அவளுக்கு வழி விட்டதில்லை.

மறுநாள் மாத்திரை அட்டை அடுப்புச் சாம்பலில் கிடந்தது. யாரும் கட்டளை போடவில்லை. ஊர்க்கூட்டம் நடக்கவில்லை. காசநோய்ப் பிரிவிலிருந்து டிவிஎஸ்ஸில் வந்த ஜெயசிங், வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே ஐந்து பேரைச் சந்தித்தார், ஐந்து பேரும் முப்பிடாதி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஒரே மாதிரிச் சொன்னார்கள். முப்பிடாதி தானே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பஸ் அவள் கையைப் பார்த்தும் நிற்கவில்லை. மறுநாள் மறுபடி கிளம்பி நடந்தாள். சந்து முனையில் பெண்கள் பீடித்தட்டுகளோடு பாதையை அடைத்து உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை, எங்கே மதினி போறிய, வெயில் பாருங்க, செடி வாடிரும், வீட்டுக்குப் போங்க என்று மரியாதையாகச் சொன்னார்கள், கத்தரியை நிறுத்தாமலே.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் வாசலில் வந்து நின்றார். இப்போது மூக்கைப் பொத்தவில்லை, அவர் நெஞ்சுதான் சுத்தமாகிவிட்டதே.

"ஒனக்குன்னு இருக்கது ஒரு உசுரு தாயி. ஊருல எத்தன உசுரு, நீயே எண்ணிப் பாரு."

"எண்ணுதேன் அண்ணாச்சி," என்றாள் முப்பிடாதி. "எம் பிள்ள அதுல எங்க வாறா?"

அவர் செடியைப் பார்த்தார். பூ விடுகிற மாதிரி இருக்கே, என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் அச்சடித்திருந்தது. பயப்பட வேண்டாம் என்பதற்காக எழுதியதை ஊர் வேறுவிதமாகப் பயன்படுத்திக்கொண்டது. புறவாசல் மூலையில் ஆற்றுமணல் கொண்டுவந்து வெள்ளையாகப் பரப்பினார்கள். காலையில் அவள் அதில்தான் போக வேண்டும். போய் எழுந்ததும் பிரம்மசக்தி குனிந்து பார்ப்பாள், வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் காத்திருப்பார்கள், வெள்ளைதான், என்று இவள் சொன்னதும் அவர்கள் கடைக்குப் போய்ச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் ஊர் காப்பி குடித்தது. முப்பிடாதி நாற்பத்தொரு கிலோவிலிருந்து முப்பத்தாறுக்கு வந்தாள். செடி அவள் தலையை விட உயரமாக, கீழ்உதட்டில் ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூக்களோடு, பார்க்க அழகாக இருந்தது.

அந்த மாதப் பாதியில், செடியைப் பற்றிக் கேள்விப்பட்டு, பாளையங்கோட்டையிலிருந்து ஹெப்சிபா வந்தாள். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள், ஐம்பது வயது, கண்ணாடி. செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டுகிற இரண்டு மரச்சட்டங்களைத் தோளில் மாட்டியிருந்தாள். பேப்பரில் ஊர்ப் பெயர் வரும் என்று ஆவுடையப்பன் அவளை உள்ளே விட்டார், பத்து இலைதான், பிரம்மசக்தி கூடவே இருப்பாள் என்றார். ஹெப்சிபா வணக்கம் சொன்னாள். உட்காரலாமா என்று கேட்டாள். உட்கார்ந்தாள். முப்பிடாதிக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற தூரத்தில், நாலு மாதத்துக்கப்புறம் ஓர் ஆள் உட்கார்ந்தது அன்றுதான்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். பிரம்மசக்தி அந்த நேரம் பார்த்துப் புறவாசலுக்குப் போயிருந்தாள், கொஞ்ச நாளாக அவள் அடிக்கடி புறவாசலுக்குப் போனாள்.

"இலையை அரைத்து, சாரத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன்," என்றாள் ஹெப்சிபா. "ஓடைக்கரைச் செடியில் என்ன இருக்கிறதோ அதேதான் இதிலும் இருக்கு. அதே பொருள்கள், அதே அளவு. கண்ணாடித் தட்டில் வளர்த்த கிருமியின்மேல் விட்டால் கொஞ்சம் வளராமல் நிறுத்துகிறது. கொல்லவில்லை. இவர்களுக்கெல்லாம் எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரியலை. இதிலிருந்து ஒரு மருந்து வரலாம். வந்தால் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அப்போதுகூட நீங்கள் சாப்பிட வேண்டிய மாத்திரைக்குத் துணையாகத்தான் இருக்கும், பதிலாக இல்லை."

"பதினஞ்சு வருசத்துல எம் பிள்ள கல்யாணமாகிப் போயிருவா," என்றாள் முப்பிடாதி. "எனக்கு மாத்திர வேணும் டீச்சர்."

ஹெப்சிபா பூக்களைப் பார்த்தாள். காய் விடுகிற வரைக்கும், இன்னும் ஒரு மாதம் மட்டும், விதை எடுத்துவிட்டால் அப்புறம், என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். முப்பிடாதி அவள் முகத்தையே பார்த்தாள். படித்தவள் வாயிலும் அதே வார்த்தைதான் வருகிறது, கொஞ்சம் நன்றாகக் கழுவி வருகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஹெப்சிபா பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள், துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

அடுத்த தடவை வந்தபோது மரச்சட்டத்துக்குள், செய்தித்தாள் மடிப்புகளுக்கு நடுவில், ஜெயசிங்கிடம் சொல்லி வாங்கிய மாத்திரை அட்டைகள் தட்டையாகக் கிடந்தன. விட்டுப்போனதால் முதல் நாளிலிருந்து மறுபடி ஆறு மாதம் என்றாள். அன்று ஐப்பசி பிறந்திருந்தது. அன்று சாயங்காலமே மழை பிடித்தது.

அந்த வருஷத்து மழை ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் விடவில்லை. ஓடை ஊருக்குள் வந்தது, புறவாசலில் முழங்கால் தண்ணீர் நின்றது, வெள்ளை மணலை அடித்துக்கொண்டு போயிற்று, யாருடைய சிவப்பு எங்கே கரைந்தது என்று யாராலும் பார்க்க முடியவில்லை. இலை மஞ்சளாகிக் கொட்டியதற்கு ஈரம்தான் காரணம் என்று ஊர் முடிவு செய்து, அவளை வாசலிலிருந்து உள்ளே நகர்த்தி உட்கார வைத்தது. முப்பிடாதி அழுவதை நிறுத்தியிருந்தாள், அந்த மாத்திரைக்குக் கண்ணீரும் செம்மண் நிறமாக வரும், முந்தானையில் கறை பிடிக்கும். செல்லக்கனியை நினைக்காமல் இருக்கவும் பழகிக்கொண்டாள். காலையில் மாத்திரையை விழுங்கும்போது மட்டும், தண்ணீர் தொண்டையில் இறங்குகிற நேரம், மகளின் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்வாள்.

மார்கழியில் வெயில் வந்தது. புது மணல் பரப்பினார்கள். முதல் நாள் காலை முப்பிடாதி எழுந்து நின்றபோது மணலில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. பிரம்மசக்தி குனிந்து பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் தெரிந்தன.

பிரம்மசக்தி வாயைத் திறந்தாள், இருமல் வந்தது. வறண்ட கிணற்றிலிருந்து வாளி வந்தது. கையால் வாயை அடைத்து, இருமலை விழுங்கி, கண்ணில் தண்ணீர் முட்ட நிமிர்ந்தாள்.

"வெள்ளதான்," என்றாள்.

உள்ளே வந்ததும் இரண்டு பேரும் நின்றார்கள். இருபது நாளாக இந்த இருமல் இருந்திருக்கிறது, இலை பறிக்கிறபோதெல்லாம் மடியில் ஒளித்துவைத்து நூறு இலையாவது தின்றிருக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. இதைப் பிரம்மசக்தி சொல்லவில்லை, முப்பிடாதி கேட்கவில்லை, மதினியின் உள்ளங்கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள் பிரம்மசக்தி.

"என் மாத்திரய அடுப்புல போட்டது நீதான மதினி."

"போட்டேன். இப்பம் எனக்கும் வாங்கிக் குடுட்டி."

அதற்கப்புறம் நடந்ததை நட்பு என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் இலைக்கட்டைச் சுமந்துகொண்டு பிரம்மசக்தி ஹெப்சிபாவோடு பாளையங்கோட்டைக்குப் போனாள், அங்கே சளியைக் கொடுத்துவிட்டு அன்றே திரும்பினாள், தை பிறக்கும்போது ஹெப்சிபா அவளுக்கும் மாத்திரை கொண்டுவந்தாள், இரண்டு பேருக்கும் அட்டைகள் அரிசிப்பானைக்கு அடியில் இருந்தன. காலையில் ஒரே சட்டியில் போய்ச் சாம்பலைப் போட்டு மூடிக் குழியில் கொட்டினார்கள், மணலில் தண்ணீர் ஊற்றினார்கள், வெள்ளைதான் என்று பிரம்மசக்தி வேலிக்குச் சொன்னாள். செடி இலையில்லாமல் ஒற்றைக் குச்சியாக நின்றது. அதனால் விடியற்காலையில் தண்ணீர் எடுக்கப் போகிற பிரம்மசக்தி ஓடைக்கரையிலிருந்து ஆடாதொடைக் கிளைகளைச் சேலைக்குள் கொண்டுவந்து, பீடி நூலால், முடிச்சு தெரியாமல், முப்பிடாதியின் தோளில் நின்ற குச்சியோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டு பேரும் ஏழு வயதிலிருந்து நூல் கட்டுகிறவர்கள். கட்டும்போது பிரம்மசக்தியின் மூச்சு முப்பிடாதியின் கழுத்தில் படும், முப்பிடாதி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஊர் அந்த இலைகளை அளவாக வெட்டி, இருபத்தைந்தாகக் கட்டி, தின்றது. இருமினவர்கள் தொடர்ந்து இருமினார்கள். ஆனால் தைலானுக்கு நடந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள், அதனால் ஒன்பதாம் நாள் ஒவ்வொருவரும் கடைவாசலில் வந்து நின்று மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார்கள், காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தலையணையில் வாயை வைத்து அமுக்கிக்கொண்டார்கள். மாசியில் ஒருவர் பின் ஒருவராக, வேறு வேறு பஸ்ஸில், திருச்செந்தூருக்குப் போகிறேன், தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். அங்கே ஒருவரையொருவர் பார்த்தபோது பார்க்காதவர்கள்போல நடந்துகொண்டார்கள். அரிசிப்பானைக்கு அடியில் அட்டை இருந்த வீடுகள் அந்தக் கோடையில் எத்தனை என்று ஜெயசிங்குக்கு மட்டும் தெரியும். ஆனாலும் முப்பிடாதியின் வாசலில் காவல் இருந்தது. தனக்கு வேலை செய்யாத இலை மற்ற எல்லாருக்கும் வேலை செய்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள், அது நின்றால் அது முப்பிடாதியின் குற்றம்.

பங்குனி முடிகிற வாரத்தில் குச்சி விழுந்தது. குளித்துவிட்டுத் துண்டால் துடைக்கும்போது, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுவதுபோல, சத்தமில்லாமல் கையோடு வந்தது. காறையெலும்பில் அம்மைத்தழும்பு அளவுக்கு ஒரு குழி மட்டும் இருந்தது. ஹெப்சிபா வழியாகப் போன சளிக்குச் சித்திரை முதல் நாள் பதில் வந்தது. கிருமி இல்லை என்று எழுதி, முத்திரை வைத்து, நாலாக மடித்த தாள்.

அதை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டபோது பிரம்மசக்தி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு," என்றாள். "அதுவரைக்கும் கிளையக் கட்டிக்கிட்டு உக்காந்திரு. நீ போயிட்டன்னா நாளைக்கு என் மணலப் பாப்பாங்க."

"பாப்பாங்க."

"நான் ஒனக்கு வெள்ளன்னு சொல்லல?"

"சொன்ன. நூத்திப்பத்து நாள் சொன்ன. அதுக்கு முன்னாடி கடையில போயி ஒருநாள் சொன்னல்லா மதினி, அத யாரு சொல்லச் சொன்னா?"

பிரம்மசக்தி கரண்டியை உலையில் விட்டுக் கிண்டினாள். கெஞ்சுவதற்கு அவளுக்குப் பழக்கம் இல்லை, அதனால் அதைத் திட்டுவதுபோலச் செய்தாள். "நாசமாப் போவ. ரெண்டு மாசம்ட்டி. ஒரு மாசம். இந்த அமாவாச வரைக்கும்."

முப்பிடாதி ஓடைக்கரைக் கிளைகளைத் தோளோடு நூலால் கட்டிக்கொண்டாள். முந்தானையைப் போர்த்தினாள். சந்து முனையில் தட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் முதல்தடவையாகத் தானே பேச்சுக் கொடுத்தாள். மதினி உள்ளே இருமிக்கொண்டிருக்கிறாள், ஒருதரம் என்னவென்று பாருங்கள் என்றாள். கத்தரிகள் நின்றன. எல்லாரும் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்கள், அவள் காலியான பாதையில் நடந்து போய், ரோட்டுக்கு வந்து, கிளைகளை அவிழ்த்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பஸ் நின்றது.

கோவில்பட்டியில் அண்ணன் தாளை இரண்டு தடவை படித்தான். செல்லக்கனி இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தாள், அம்மாவைத் தொடுவதற்கு முன்னால் மாமி முகத்தைப் பார்த்தாள். மாமி தலையாட்டினாள். முப்பிடாதி அங்கேயே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, தனியாக ஒரு அறை பிடித்து, மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பொட்டல்பேரிக்கு அவள் திரும்பிப் போகவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதை வருஷக் கடைசியில் சந்தையில் பார்த்த ஜெயசிங் சொன்னார், சொல்லும்போது அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டைச் சோதித்தபோது பானைக்கு அடியில் மாத்திரை இருந்திருக்கிறது. மாத்திரையால்தான் ஒருத்தியிடமிருந்து செடி போனது, மாத்திரை இல்லாவிட்டால் அதே வீட்டில், அதே வியாதியில், இன்னொருத்தியிடம் வரும் என்று ஆவுடையப்பன் சொன்னார். அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பிரம்மசக்தியை வெயில் படுகிற மாதிரி வாசலில் உட்கார வைத்தார்கள். தினமும் காலையில் ஒரு பெண் வந்து அவளுடைய இடது தோளில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். இரண்டு தடவை ஜெயசிங் போலீசைக் கூட்டிக்கொண்டு போனார், இரண்டு தடவையும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாக ஊர் சொன்னது, அவளுக்கு அண்ணன் இல்லை.

பிரம்மசக்தி கார்த்திகை பதினேழாம் தேதி இறந்துபோனாள், அவள் உடம்பில் எதுவும் முளைக்கவில்லை.